திருவையாற்று ஆராதனை: ஓர் இசை அஞ்சலியின் வரலாறு

திருவையாற்று ஆராதனை என்பது கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜரின் நினைவாக, அவருடைய சமாதி அமைந்துள்ள திருவையாற்றில் ஆண்டுதோறும் இசைக்கலைஞர்கள் கூடிப் பாடும் அஞ்சலி விழா ஆகும். அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி திதியை ஒட்டி, பெரும்பாலும் ஜனவரி மாதத்தில் இவ்விழா நடைபெறுகிறது. காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தரையில் அமர்ந்து ஒரே குரலில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதே இதன் உச்சம். இதனை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு வளர்ந்தவர்கள், தியாகராஜர் மறைந்த நாள் முதலே விழா இப்படித்தான் நடந்துவருகிறது என்று எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. விழா தொடங்கிய பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது கட்சிகளாகப் பிரிந்து நடந்தது. சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெண்மணிக்கே அங்கே பாட உரிமை இல்லாமல் இருந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

அக்கரையும் இக்கரையும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள பாடல் பெற்ற தலம் திருமழபாடி. கொள்ளிடத்திற்குத் தெற்கே, காவிரியின் வடகரையில் இருப்பது திருவையாறு. இன்று இவை இரு வேறு மாவட்டங்களில் இருந்தாலும், வழிபாட்டு வழக்கில் இவ்விரண்டும் சம்பந்தி ஊர்கள். திருவையாற்றுச் சிலாத முனிவரின் மகனாகக் கருதப்படும் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடந்த இடம் திருமழபாடி என்பது தலபுராணம். பங்குனி மாதப் புனர்பூச நாளில் மாப்பிள்ளை வீட்டார் ஐயாற்றிலிருந்து வர, வைத்தியநாதசுவாமி கோயிலில் இத்திருமணம் இன்றும் நடத்தப்படுகிறது. "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்ற சொலவடை இப்பகுதியில் எல்லோரும் அறிந்ததே.

திருமழபாடிக்கு இன்னொரு கதையும் உண்டு. திருவாலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் இறைவன் தோன்றி, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டதாகவும், அவர் விழித்தெழுந்து ஆறு கடந்து வந்து பதிகம் பாடியதாகவும் பெரிய புராண மரபு கூறுகிறது. ஒரு தலத்தையோ ஒரு மனிதரையோ மறந்துவிடுவது எளிது என்பதும், யாரேனும் ஒருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதும் இக்கதையின் உட்பொருள். தியாகராஜரின் சமாதிக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது.

தியாகராஜரின் மறைவும் மறதியும்

தியாகராஜர் 1767-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் திருவாரூரில் பிறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றின் திருமஞ்சன வீதியில் கழித்தார். அரசவையை நாடாமல், தெருவில் பாடிக்கொண்டே சென்று அரிசி பெறும் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார். இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 700 கீர்த்தனைகள். மறைவுக்குச் சற்று முன்பு துறவு பூண்டதால், 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தபோது உடல் எரியூட்டப்படாமல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டது. துறவியரின் நினைவு நாளைத் திவசம் என்று சொல்வதில்லை, ஆராதனை என்பதே மரபு. விழாவின் பெயர்க் காரணம் இதுவே.

அவருடைய மகள் வழிப் பேரனோடு நேர் வாரிசு நின்றுபோயிற்று. பாடல்களைக் காத்தவர்கள் சீடர்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என மூன்று சீடர் மரபுகள் அமைந்தன. வாலாஜாபேட்டை மரபினர் எழுதி வைத்த சுவடிகளும் குறிப்பேடுகளும் பிற்காலத்தில் மதுரை சௌராஷ்டிர சபையைச் சேர்ந்தன. சீடர்கள் குருவின் திதியைத் தத்தம் ஊர்களில், தத்தம் வீடுகளில் கடைப்பிடித்தனர். பாடல்கள் ஊர் ஊராகப் பரவின. ஆனால் சமாதியைத் தொடர்ந்து பேணுவதற்கென்று ஒருவரும் இல்லை. ஆற்றங்கரையில் புதர் மண்டி, இடம் அடையாளம் தெரியாமல் போகும் நிலைக்கு வந்தது.

1903-ஆம் ஆண்டளவில், நேரடிச் சீடர்களில் எஞ்சியிருந்த உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் திருவையாற்றுக்கு வந்தனர். குரு மறைந்து 56 ஆண்டுகள் கடந்திருந்தன. சமாதியின் நிலையைக் கண்டு வருந்திய அவர்கள் அதனைச் சீர்செய்து, ஆண்டுதோறும் அங்கேயே நினைவு நாள் நடத்த வழிசெய்தனர். பாட்டைக் காப்பாற்றினால் போதும், இடத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணம் அப்போதுதான் மாறத் தொடங்கியது.

பெரிய கட்சியும் சின்ன கட்சியும்

அடுத்த சில ஆண்டுகளில் விழாவைப் பெரிய அளவில் நடத்த முன்வந்தவர்கள் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவருடைய சகோதரர் பஞ்சு பாகவதரும் ஆவர். தில்லைஸ்தானம் என்பது திருவையாற்றை அடுத்த திருநெய்த்தானமே. நந்தியின் திருமணத்திற்குச் சீர் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஏழூர்த் தலங்களில் அதுவும் ஒன்று. நரசிம்ம பாகவதர் 1908-இல் தியாகராஜரின் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்.

ஆனால் சகோதரர்களுக்குள் விரைவிலேயே பிணக்கு ஏற்பட்டது. மூத்தவர் பக்கம் நின்றவர்கள் பெரிய கட்சி என்றும், இளையவர் பக்கம் நின்றவர்கள் சின்ன கட்சி என்றும் அழைக்கப்பட்டனர். ஒரு கட்சி ஆராதனை நாளுக்கு முந்தைய ஐந்து நாட்களிலும், மற்றது ஆராதனை நாளில் தொடங்கி அடுத்து வந்த நாட்களிலும் விழா எடுத்தன. வித்வான்களும் ஊர்ப் பிரமுகர்களும் இரண்டாகப் பிரிந்தனர். பின்னாட்களில் வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் போன்றோர் இக்கட்சிகளின் முன்னணியில் இருந்தனர்.

போட்டியால் நன்மையும் விளைந்தது என்று சொல்ல இடமுண்டு. ஒருவரை விஞ்சி ஒருவர் வித்வான்களை அழைத்ததால் கச்சேரிகள் பெருகின, அன்னதானம் பெருகியது. ஆனால் இரு தரப்பும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. விழா வளர்ந்ததே தவிர, யாருக்காக விழா எடுத்தார்களோ அவருடைய சமாதி மீண்டும் சிதைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் முரண்பட்ட இரு கட்சிகளும் ஒரே ஒரு விதியில் மட்டும் உடன்பட்டிருந்தன. பெண்கள் அங்கே பாடக் கூடாது என்பதே அந்த விதி.

பெங்களூர் நாகரத்தினம்மாள்

இந்நிலையை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் தேவதாசி மரபில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் பயிற்சி உண்டு. இசையில் மைசூரைச் சேர்ந்த பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் கற்றார். பின்னர் சென்னையில் குடியேறி, தென்னிந்தியா முழுவதும் கச்சேரி செய்து பெரும் பொருளும் புகழும் ஈட்டினார்.

திருவையாற்றுக்கு வருவதற்கு முன்பே, மறக்கடிக்கப்பட்ட இன்னொரு கலைஞரை மீட்க முயன்றவர் அவர். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனமு' என்னும் நூலின் முழு வடிவத்தை 1910-இல் பதிப்பித்தார். நூல் ஆபாசமானது என்று கண்டனம் எழுந்தது. ஆங்கிலேய அரசு அதனைத் தடை செய்தது. 1947-இல் பிரகாசம் காலத்தில்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்கள் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் ஆபாசமா என்பதே அவர் தரப்பின் வாதம். திருவையாற்றில் அவர் எழுப்பிய கேள்வியும் ஏறத்தாழ இதுவே.

1921-இல் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாற்றுக்குச் சென்று சமாதியின் அவலத்தைக் கண்டு, அதைச் சீர்செய்யுமாறு தம் மாணவிக்குக் கடிதம் எழுதினார். தியாகராஜர் கனவில் தோன்றி ஆணையிட்டதாகவும் நாகரத்தினம்மாள் நம்பினார். உடனே திருவையாற்றுக்கு வந்து, சமாதியைச் சுற்றியுள்ள நிலத்தைத் தம் செலவில் பெற்றார். 1921 அக்டோபர் 27 அன்று கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நகைகளையும் சொத்துகளையும் விற்றுப் பணியைத் தொடர்ந்தார். 1925 ஜனவரி 7 அன்று தியாகராஜரின் சிலை நிறுவப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது. நாள் வழிபாட்டுக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

பெண் கட்சி

கோயில் கட்டி முடிந்ததும் இரு கட்சிகளும் அங்கே வழிபடவும் பாடவும் வந்தன. கட்டியவருக்குப் பாட இடமில்லை. பெண் என்பது ஒரு காரணம், தேவதாசி என்பது மற்றொரு காரணம். தம் பணத்தில் எழுந்த கட்டடத்தின் வாயிலில் அவர் பார்வையாளராக நிற்க நேர்ந்தது.

நாகரத்தினம்மாள் கதவை அடைத்துவிடவில்லை. 1927-ஆம் ஆண்டளவில், சமாதியின் பின்புறத்தில் தேவதாசிப் பெண் கலைஞர்களைக் கொண்டு தனியே ஒரு விழாவைத் தொடங்கினார். மக்கள் அதனைப் பெண் கட்சி என்று அழைத்தனர். முன்புறத்தில் ஆண்களின் இரு கட்சிகள், பின்புறத்தில் பெண்களின் மூன்றாம் கட்சி என ஒரே மனிதருக்கு மூன்று அஞ்சலிகள் நடந்தன. பெண்களின் விழாவுக்கும் கூட்டம் கூடியது. தரத்தில் குறைவு என்று யாரும் ஒதுக்க முடியாத அளவுக்கு அங்கே பாடியவர்கள் தேர்ந்தவர்களாக இருந்தனர்.

இந்த நிகழ்வைக் காலச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சி சட்டமன்றத்தில் வலுப்பெற்றது. பொட்டுக் கட்டும் வழக்கத்தில் இருந்த கொடுமையை நீக்குவது அவர் நோக்கம். நாகரத்தினம்மாளோ, தம் மரபினர் கலையும் கல்வியும் காத்தவர்கள், அவர்களை ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்தக் கூடாது என்று தேவதாசிகளின் சங்கத்தின் சார்பில் வாதிட்டார். இறுதியில் 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் பல சிறுமிகளை மீட்டது என்பது உண்மை. அதே காலத்தில், மரபுவழிப் பெண் கலைஞர்கள் மேடைகளிலிருந்து மெல்ல மறைந்தனர் என்பதும் உண்மை. இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் வரலாறு முழுமை பெறாது.

ஒன்றிணைந்த ஆராதனை

1940-ஆம் ஆண்டளவில், ஐ.சி.எஸ். அதிகாரியான எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் எடுத்த முயற்சியால் மூன்று கட்சிகளும் இணைந்தன. பெண்கள் சன்னிதியில் பாடும் உரிமை பெற்றனர். ஸ்ரீ தியாகபிரும்ம மகோத்சவ சபா என்ற பொது அமைப்பின் கீழ் விழா நடைபெறலாயிற்று.

எல்லோரும் சேர்ந்து பாடுவதற்குப் பொதுவான பாடல்கள் தேவைப்பட்டன. அதற்கெனப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவை முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்தவை. ஐந்தும் ஆதி தாளம். முதல் பாடல் சமஸ்கிருதம், ஏனைய நான்கும் தெலுங்கு. சரணங்களுக்குரிய சுரங்கள் முன்பே வரையறுக்கப்பட்டவை என்பதால், பல்வேறு குருமார்களிடம் கற்றவர்களும் ஒரே பாடத்தில் இணைந்து பாட முடிகிறது. ஐந்தாவது கீர்த்தனை, உலகில் உள்ள மகான்கள் அனைவருக்கும் வணக்கம் கூறுவது. எவரையும் விலக்காத அந்தப் பாடலோடு கோஷ்டி கானம் முடிவது பொருத்தமே.

இன்று நாம் பழைமையான மரபு என்று கருதும் இந்தக் கோஷ்டி கானம், உண்மையில் ஒரு சமாதான உடன்பாட்டின் விளைவு. தனித்தனியே பாடினால் யார் முன், யார் பின் என்ற கேள்வி எழும். எல்லோரும் சேர்ந்து பாடினால் அக்கேள்வி எழுவதில்லை.

தமிழ்ப் பாடல் சர்ச்சை

விலக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்டன. இதன் பின்னணியில் 1946-ஆம் ஆண்டு ஆராதனையில், ஓதுவார் மரபில் வந்தவரும் 'நந்தனார்' திரைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்றவருமான எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினார். தியாகராஜரின் சன்னிதியில் அவருடைய பாடலைத் தவிர வேறு பாடல் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. இதனைக் கண்டித்து மு. கருணாநிதி 'குடி அரசு' இதழில் 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் எழுதினார்.

ஒரு வாக்கேயக்காரரின் நினைவு நாளில் அவர் பாடல்களை மட்டும் பாடுவது முறை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விதியை வலியுறுத்திய விதத்தில் மொழி இழிவும் சாதி உணர்வும் கலந்திருந்ததாகவே தமிழிசை ஆர்வலர்கள் கருதினர். தேவாரம் பிறந்த மண்ணில், அப்பர் பாடிய ஐயாற்றிலேயே இது நிகழ்ந்ததால் காயம் ஆழமாயிற்று.

நாகரத்தினம்மாளின் இறுதிக் காலம்

நாகரத்தினம்மாள் முதுமைக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1949-இல் எழுதிய உயிலில் தம் சொத்துகளைத் தியாகராஜர் சன்னிதியின் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். பெண்கள் வேறுபாடின்றி அங்கே வழிபடவும் பாடவும் உரிமை உண்டு என்பதை அவ்வுயிலில் உறுதி செய்தார். உரிமை கிடைத்த பிறகும் அதனை எழுத்தில் பதிந்து வைத்தது அவருடைய முன்யோசனையைக் காட்டுகிறது. 1952 மே 19 அன்று மறைந்தார். தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. சன்னிதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்த நிலையில் அவருடைய சிலை அங்கே உள்ளது.

பிற நாட்டு ஒப்புமை

கலைஞரை மறப்பதும் பின்னர் யாரோ ஒருவர் நினைவூட்டுவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் மௌத் ஆர்கன் வாசிப்பால் புகழ்பெற்ற இரண்டாம் சோனி பாய் வில்லியம்சன் 1965-இல் மறைந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. வைத்தவர், அவருடைய பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்ட லில்லியன் மக்மரி என்ற பெண்மணி. இன்று அங்கே வரும் இரசிகர்கள் கல்லறையின் மேல் மௌத் ஆர்கன்களை வைத்துச் செல்கின்றனர். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறைக்கு, அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின் 1970-இல்தான் கல் வைக்கப்பட்டது. அச்செலவில் பங்கேற்றவர்களுள் ஒருவர் பாடகி ஜானிஸ் ஜோப்ளின். மொழியும் இசையும் வேறு என்றாலும், கேட்டவர்கள் பலர், கல் வைத்தவர் சிலர் என்ற நிலை எங்கும் ஒன்றே.

இன்றைய விழா

இன்று விழா பல நாட்கள் நடைபெறுகிறது. பஞ்சமியன்று காலை திருமஞ்சன வீதி இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே சமாதியை வந்தடைகிறது. நாகஸ்வர மங்கல இசைக்குப் பின், புல்லாங்குழலில் பைரவி ராகக் கீர்த்தனை ஒன்றை வாசிப்பது வழக்கம். அதனைத் தொடர்ந்து பஞ்சரத்தினம் பாடப்படுகிறது. ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து பாடுகின்றனர். மற்ற நாட்களில் ஒவ்வொரு கலைஞருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். பெரும் வித்வானும் இளம் மாணவரும் சன்மானம் பெறாமல், ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடுவது இவ்விழாவின் சிறப்பு. ஜி. கே. மூப்பனார் சபாவின் தலைவராகவும், வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் செயலாளராகவும் நீண்ட காலம் பணியாற்றினர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978-இல் தொடங்கிய தியாகராஜர் ஆராதனையும் இன்று பெரிய விழாவாக வளர்ந்துள்ளது.

வரலாற்று இடம்

ஆராதனையின் வரலாற்றை ஒரு மகானின் பெருமை என்று மட்டும் படித்தால் பாதியே கிடைக்கும். நினைவு கூரும் உரிமை யாருக்கு என்பதே அதன் மறுபாதி. சீடர்கள் பாட்டைக் காத்தனர். இரு முதிய சீடர்கள் இடத்தைக் கண்டெடுத்தனர். கட்சிகள் விழாவை வளர்த்தன. ஒரு பெண் கோயிலைக் கட்டி, பின்வாசலில் நின்று பாடி, முன்வாசலைத் திறக்க வைத்தார். மொழியைப் பற்றிய கேள்வி அதன் பிறகும் எழுந்தது.

நந்தியின் திருமணத்திற்கு ஒவ்வோர் ஊரும் ஒரு சீர் கொடுத்ததாகவும், அதற்கு நன்றி கூறவே சித்திரையில் ஐயாறப்பர் ஏழூருக்கும் பல்லக்கில் செல்வதாகவும் இப்பகுதியினர் கூறுவர். கொடுத்தவர்களை நினைத்து அவர்கள் வாயிலுக்கே செல்லும் மரபு அது. ஆராதனைக்குத் திருவையாறு செல்வோர், தியாகராஜர் சன்னிதியில் வணங்கிய பின், அருகில் கைகூப்பி அமர்ந்திருக்கும் நாகரத்தினம்மாளின் முன்பும் சற்று நிற்க வேண்டும். இன்று அங்கே பாடும் ஒவ்வொரு பெண்ணின் குரலுக்கும் அவர் கொடுத்த சீர் அந்தக் கோயில்.